ஸ்டீம்போட் வில்லி: 12 பிரேமுக்கு ஒரு தட்டு

கேள்வி: மிக்கி மவுஸை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘ஸ்டீம்போட் வில்லி’தான் முதல் ஒலி கார்ட்டூன் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்களே, அது சரியா? கணினி இல்லாத 1928இல் இசையும் அசைவும் இவ்வளவு கச்சிதமாக எப்படிப் பொருந்தின?

முதல் பாதிக்குப் பதில்: சரியில்லை. மாக்ஸ் ஃபிளைஷரின் குழு லீ டி ஃபாரஸ்டின் ஒலிமுறையை வைத்து 1924 முதலே பாட்டுக் கார்ட்டூன்கள் செய்தது. பாட்டு வரிகளின் மேல் ஒரு பந்து துள்ளிக்கொண்டு போகும், அரங்கமே சேர்ந்து பாடும். 1926இல் வந்த ஒன்றில் ஒரு நாய் வாயசைத்துப் பேசவும் செய்தது. பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’ 1928 செப்டம்பரிலேயே நியூயார்க்கில் ஒலியோடு திரையேறிவிட்டது. அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி, பயப்பட அதில் ஒன்றும் இல்லை என்ற கருத்தில் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

முதல் மிக்கி படம் என்பதும் முழுச் சரியில்லை. 1928 தொடக்கத்தில் ‘ஆஸ்வால்ட்’ என்ற முயல் பாத்திரம் டிஸ்னியின் கையை விட்டுப் போனது. உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. இடையில் நின்ற விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூடவே நின்றவர்களில் முக்கியமானவர் அப் ஐவர்க்ஸ். மிக்கியை வைத்து ‘ப்ளேன் கிரேஸி’யை ஏறத்தாழ ஒற்றை ஆளாக வரைந்து முடித்தவர் அவர்தான். அடுத்து ‘கேலப்பிங் காச்சோ’. இரண்டுமே மௌனப் படங்கள், இரண்டையும் வாங்க ஆளில்லை. மூன்றாவதாகச் செய்த ‘ஸ்டீம்போட் வில்லி’தான் ஒலியோடு முதலில் வெளியானது: 1928 நவம்பர் 18, நியூயார்க் பிராட்வேயில் இருந்த காலனி திரையரங்கு. அதனால் அந்த நாளையே மிக்கியின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அப்படியானால் இந்தப் படத்தின் பெருமை எதில் இருக்கிறது? ஒலி இருந்ததில் இல்லை. ஒரு கோடு வரைவதற்கு முன்பே, எந்த அசைவு எந்தத் தாளத்தில் விழும் என்று பிரேம் கணக்கில் முடிவு செய்ததில் இருக்கிறது (ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம்). இசையும் படமும் ஒரே தாளில், ஒரே எண்ணிக்கையில் பிறந்தன. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடையும் இதுதான். அதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் வேகம். மௌனப் படக் காலத்தில் படம் ஓடும் வேகம் நிலையாக இருந்ததில்லை. வினாடிக்கு 16 பிரேம் என்று எடுத்திருப்பார்கள், அரங்கில் ஓட்டுபவர் 20க்கும் மேலே ஓட்டுவார், கடைசிக் காட்சியைச் சீக்கிரம் முடிக்க இன்னும் முறுக்குவார். ஒலி வந்ததும் அது முடியாமல் போனது. வேகம் கொஞ்சம் மாறினாலும் சுருதி ஏறி இறங்கும், காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் வினாடிக்கு 24 பிரேம் என்று நிலைநிறுத்தினார்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. வேகம் நிலைத்தால்தான் ‘இத்தனை பிரேமுக்கு ஒரு தட்டு’ என்ற கணக்கே சாத்தியம். அதற்கு முந்தைய கார்ட்டூன்களில் எவ்வளவு மெனக்கெட்டு வரைந்திருந்தாலும் தாளத்தைப் பூட்டிவைக்க வழியே இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் வில்ஃப்ரெட் ஜாக்சன். ஸ்டுடியோவில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர். செல்லுலாய்ட் தாள் விலை அதிகம் என்பதால் படமெடுத்து முடித்ததும் மையைக் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். அந்தக் கழுவும் வேலையில்தான் அவர் தொடங்கினார். அவர் தாயார் இசை ஆசிரியை, வீட்டில் மெட்ரோனோம் உண்டு. மெட்ரோனோம் என்பது காலப்பிரமாணத்தை நிலையாகத் தட்டிக்காட்டும் ஊசல் கருவி. படம் வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது, மெட்ரோனோம் நிமிடத்துக்கு இத்தனை தட்டுகிறது. இரண்டையும் இணைத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வந்துவிடும்.

கணக்கு மிக எளிது. 24ஐ 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1440 பிரேம். அதை மெட்ரோனோம் எண்ணால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 பிரேம். 90 என்றால் 16, 180 என்றால் 8, 144 என்றால் 10. இவை எல்லாம் முழு எண்கள். சிக்கல் எங்கே வரும்? 100 என்று வைத்தால் 14.4 வரும். பிரேமைப் பத்தில் நான்காக வெட்ட முடியாது. சரி, 14 என்றே வரைந்துவிடலாம் என்று விட்டால், ஒவ்வொரு தட்டிலும் அரை பிரேமுக்கும் குறைவான பிழைதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். 32 தட்டு முடிந்ததும் படம் ஏறத்தாழ 13 பிரேம் முந்தியிருக்கும், அரை வினாடிக்கு மேல். கால் தரையைத் தொட்டு முடித்த பிறகு சத்தம் கேட்கும். ஆகவே முதலில் பிரேம் எண்ணைத் தேர்ந்து, அதற்கேற்ற வேகத்தில் பாட்டை வாசிக்கச் சொல்வதே சரியான வரிசை. இன்று பாட்டைப் போட்டுக்கொண்டு அனிமேஷன் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

12 பிரேம் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 48 பிரேம், அதாவது 2 வினாடி, 3 அடி ஃபிலிம். படம் சுமார் ஏழரை நிமிடம் ஓடுகிறது. மொத்தம் 10,800 பிரேம், 675 அடி. முழுப் படமும் இதே காலப்பிரமாணத்தில் இருந்தால் 900 தட்டுகள். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் ஒரு தட்டுக்கு 6 ஓவியம் போதும். மூன்றில் உடல் இறங்கும், மூன்றில் ஏறும். படத்தின் தொடக்கத்தில் சுக்கானைப் பிடித்து விசிலடிக்கும் மிக்கியைப் பாருங்கள். உடல் துள்ளுகிறது, கால் தட்டுகிறது, சுக்கான் ஆடுகிறது. எல்லாம் சிறு சுழற்சிகள், ஒரே ஓவியக் கட்டு திரும்பத் திரும்ப வருகிறது. சுழற்சியின் நீளம் தட்டின் நீளத்தோடு சமமாக இருக்கும்வரை அது அலுக்காது, ஆட்டமாகிவிடும். ஒரு பிரேம் கூடினால் நான்கைந்து சுற்றிலேயே தாளம் நழுவும்.

இந்தக் கணக்கை எழுதி வைக்க ஜாக்சன் ஒரு தாள் முறை வகுத்தார், பிற்பாடு பார் ஷீட் என்று பெயர் நிலைத்தது. கிடைமட்டமாகக் கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு சுற்று. கட்டத்துக்குள் தட்டுகள் குறித்திருக்கும். மேலே இசை, கீழே அந்தத் தட்டில் நடக்க வேண்டிய செயல், மணியோ மோதலோ இருந்தால் அதுவும். இதைப் பிரேம் வாரியாகப் பிரித்து எழுதினால் கேமராக்காரருக்கான தாள்: ஒவ்வொரு வரியும் ஒரு பிரேம், எந்த ஓவியம் எந்தப் பின்னணியின் மேல் என்று எழுதியிருக்கும். இசைக்காரர் ஒரு தாளையும் ஓவியர் மற்றொரு தாளையும் படித்தாலும் எண் ஒன்றுதான். இந்தப் படத்தில் பயன்படுத்திய இரு மெட்டுகளும், ‘ஸ்டீம்போட் பில்’, ‘டர்க்கி இன் த ஸ்ட்ரா’, அன்றைய அமெரிக்க ரசிகர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மெட்டு முன்பே தெரிந்திருந்ததால், ஒரு தட்டு தவறினாலும் அரங்கில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாதிப் படம் தயாரானதும் ஒரு சோதனை செய்தார்கள். கலிஃபோர்னியாவில், ஸ்டுடியோவிலேயே, இரவில். வால்ட்டின் அண்ணன் ராய் டிஸ்னி ஜன்னலுக்கு வெளியே புரொஜெக்டரை வைத்து ஓட்டினார், இயந்திரச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசித்தார். மற்றவர்கள் பாத்திரம் பண்டங்களைத் தட்டியும் வாயால் ஒலியெழுப்பியும் கூட்டினார்கள். பார்வையாளர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஒலி வந்தால் கார்ட்டூனை நம்புவார்களா, அல்லது வரைந்த கோட்டிலிருந்து சத்தம் வருவது கோமாளித்தனமாகப் படுமா என்பதே அவர்கள் சந்தேகம். நடிகர் வாயசைத்தால் குரல் அவருடையது என்று மனம் ஏற்கும். வரைந்த எலிக்குத் தொண்டை ஏது? ஆனால் அசைவின் உச்சமும் ஒலியின் உச்சமும் ஒரே கணத்தில் விழுந்தால் மனம் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. அந்த இரவு தெரிந்தது இதுதான், அதற்குப் பிறகு அவர்கள் பின்வாங்கவில்லை.

அடுத்து நியூயார்க். ஒலியைத் தனி இசைத்தட்டில் பதிப்பதா, ஃபிலிமின் ஓரத்திலேயே பதிப்பதா என்று அன்று இரண்டு வழி இருந்தது. இசைத்தட்டில் பதித்தால் ஊசி ஒரு வரி தாண்டினாலோ, ஃபிலிம் அறுந்து சில பிரேமை வெட்டி ஒட்டினாலோ மீதிப் படம் முழுக்க ஒலி பிசகும். பிரேம் கணக்கில் செய்த படத்துக்கு அது சாவு. டிஸ்னி ஃபிலிமில் பதிக்கும் முறையையே தேர்ந்தார். பெரிய நிறுவனங்களின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. பேட் பவர்ஸ் என்பவரின் சினிஃபோன் கருவி கிடைத்தது.

1928 செப்டம்பர் நடுவில் முதல் ஒலிப்பதிவு. திரையரங்கு இசைக்குழு நடத்திப் பெயர்பெற்ற கார்ல் எட்வார்ட் நடத்துநர். பெரிய குழு, அதோடு ஒலி விளைவுக்காரர்கள். அது தோல்வியில் முடிந்தது. அன்று தனித்தனியாகப் பதிந்து பிற்பாடு கலக்கும் வசதி நடைமுறையில் இல்லை. இசை, மணி, உறுமல், கிளியின் கத்தல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே ஃபிலிமில் விழ வேண்டும், ஒருவர் பிசகினாலும் எல்லாம் வீண். மௌனப் படத்துக்கு வாசித்துப் பழகிய குழு படத்தின் மனநிலையைப் பின்தொடரும், பிரேமைப் பின்தொடராது. அவர்களுக்கு அரை வினாடி ஒரு பொருட்டே இல்லை. போதாக்குறைக்குப் பேஸ் வாத்தியத்தின் கனத்த அதிர்வு பதிவுக்கருவியின் வெற்றிடக் குழலைக் கெடுத்தது.

கைப்பணம் கரைந்தது. டிஸ்னியின் ஆசைக் காரை விற்றுப் பணம் அனுப்பினார்கள். மாத இறுதியில் இரண்டாம் முயற்சி: குழுவைச் சிறிதாக்கினார்கள், நடத்துநர் பார்க்கும் பிரதியில் தட்டுக்குத் தட்டு மேலும் கீழும் துள்ளும் ஒரு பந்தைச் சேர்த்தார்கள். இந்த முறை பொருந்தியது.

ஏன் பந்து? இது சிறு விஷயம் இல்லை. திரையில் ஒரு பொட்டு பளிச்சென்று மின்னினால், அதைக் கண்டு கை அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகும், கிட்டத்தட்ட 5 பிரேம். ஒவ்வொரு தட்டும் அந்த அளவு பிந்தும், பிந்துவதும் ஆளுக்கு ஆள் மாறும். பந்து அப்படியில்லை. அது இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, தரையை எப்போது தொடும் என்று மனம் முன்கூட்டியே கணித்துவிடுகிறது, கை அதே கணத்தில் விழுகிறது. நடத்துநரின் கோலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிற்காலத்தில் பந்துக்குப் பதிலாகக் காதில் மாட்டிய கருவி வழியே ‘டிக் டிக்’ ஒலி கொடுத்தார்கள். இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் கிளிக் டிராக் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

ஃபிலிமில் ஒலி பதிப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. படச்சட்டத்துக்கு முன்னால் ஃபிலிம் நின்று நின்று நகர வேண்டும், இல்லையென்றால் படம் கலங்கும். ஒலி படிக்கும் இடத்தில் நிற்காமல் ஓட வேண்டும், இல்லையென்றால் ஒலி குதறும். ஒரே இடத்தில் இரண்டும் முடியாது. அதனால் ஒரு படத்துக்கான ஒலியை அதற்குச் சுமார் 20 பிரேம் முன்னாலேயே அச்சிடுகிறார்கள். புரொஜெக்டரில் ஃபிலிமின் வளையம் ஒரு பல் தவறி மாட்டினாலும் ஒலி நகர்ந்துவிடும். பழைய பிரதிகளில் ஒலி பிசகித் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் அங்கே இருக்கும், வரைந்தவரிடம் இருக்காது.

படத்துக்குள் இதன் பலனைக் காட்ட ஒரு காட்சி போதும். கப்பல் தலைவன் பீட் புகையிலையைக் கடித்து மெல்கிறான், துப்புகிறான். எச்சில் காற்றில் போய்த் திரும்பி வந்து மணியில் மோதுகிறது: ‘டிங்’. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி துப்புகிறான், இம்முறை அவன் முகத்திலேயே வந்து அப்புகிறது. மெல்லுதல், துப்புதல், போய்வரும் நேரம், மணி, எல்லாம் தாளத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. முதல் முறை மணி சரியாக அந்தத் தட்டில் அடித்ததால்தான், இரண்டாம் முறை நம் காது மணிக்காகக் காத்திருக்கிறது, ஏமாறுகிறது, சிரிப்பு வருகிறது. ஒலியை நிறுத்திப் பார்த்தால் அந்தச் சிரிப்பில் பாதி போய்விடும். (இந்த பீட் மிக்கிக்கும் மூத்தவன். 1925லிருந்தே டிஸ்னி படங்களில் வில்லன்.)

பின்பாதியில் இதுவே பெருகுகிறது. மிக்கியின் தோழி மின்னியின் யுகலேலே என்ற சிறு கித்தாரையும் ஸ்வரத்தாளையும் ஓர் ஆடு தின்றுவிடுகிறது. வாலைக் கைப்பிடிபோல் சுற்றினால் ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகிறது. மிக்கி பாத்திரங்களைத் தட்டுகிறான், பூனையின் வாலை இழுத்துக் கத்த வைக்கிறான், வாத்தை அமுக்கிப் பை வாத்தியம் ஆக்குகிறான், பசுவின் பல் வரிசையைச் சைலஃபோன் போல் வாசிக்கிறான். இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியும், தெரிவதும் நியாயம்தான். கலை நோக்கில் பார்த்தால், உலகிலுள்ள எந்தப் பொருளும் வாத்தியம் ஆகலாம் என்ற எண்ணத்தை அவர்கள் கடைசிவரை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். திரையின் ஒவ்வொரு அசைவையும் இசை அடியொற்றிப் போவதற்கு ‘மிக்கி மவுசிங்’ என்று சினிமா இசைக்காரர்கள் பெயர் வைத்ததன் வேர் இங்கேதான். அதே சொல்லை இன்று குறையாகவும் சொல்கிறார்கள், அளவு மீறினால் காட்சி மூச்சுவிட முடியாது என்பதால்.

ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு மௌன மிக்கி படங்களுமே இருக்கின்றன. வில்லியின் வெற்றிக்குப் பிறகு ‘கேலப்பிங் காச்சோ’வுக்கும் ‘ப்ளேன் கிரேஸி’க்கும் ஒலி சேர்த்து வெளியிட்டார்கள். இசையமைப்பு கார்ல் ஸ்டாலிங், பெரிய திறமைசாலி. ஆனாலும் அவற்றில் இசை படத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது கேட்கும். திட்டமிட்ட படத்துக்கும் பிற்பாடு ஒட்டிய படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படத்து மிக்கிக்குக் கையுறை கிடையாது, அது 1929இல்தான் வந்தது. கண் என்பது வெறும் கறுப்பு நீள்வட்டம். முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் காது முழு வட்டமாகவே நிற்கும். கையும் காலும் எலும்பில்லாத ரப்பர் குழாய். வேகமாக வரைய இதைவிட வசதியான உருவம் இல்லை. வட்டத்தையும் குழாயையும் எந்த ஓவியர் வரைந்தாலும் ஒன்றுபோல் வரும். பேச்சும் கிடையாது, உறுமலும் விசிலும் சிரிப்பும்தான், குரல் டிஸ்னியுடையது. மிக்கி முதன்முதலில் சொல் பேசியது 1929இன் ‘கார்னிவல் கிட்’ படத்தில், சொன்னது ‘ஹாட் டாக்ஸ்’.

நீங்களே பார்க்கும்போது எந்தப் பிரதி என்று கவனியுங்கள். தொலைக்காட்சிக்காகச் சுருக்கிய பிரதிகளில், பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளின் வாலை இழுத்து இசைக்கும் பகுதி வெட்டப்பட்டிருக்கும். அதை வெட்டினால் பாட்டின் நடுவே தாளம் தாண்டுவது காதில் படும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 பிரேம் என்பதால், அதற்காக மாற்றிய பழைய ஒளிப்பேழைகளில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். ஏழரை நிமிடத்தில் 18 வினாடி குறையும், சுருதி அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதில் வைத்துப் பிரேம் எண்ணினால் கணக்கு ஒத்துவராது, 24 பிரேம் பிரதியே வேண்டும்.

உரிமை பற்றியும் பலர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் இந்தப் படம் அங்கே பொதுச்சொத்து. அன்று விடுபட்டது 1928இன் உருவம் மட்டும். கையுறையும் பிற்கால அம்சங்களும் அந்தந்தப் படங்களின் ஆண்டைப் பொறுத்தவை. வணிகச்சின்ன உரிமை தனி, அதற்கு இந்த 95 ஆண்டுக் கெடு கிடையாது. விசிலடிக்கும் அந்த மிக்கியை 2007 முதல் டிஸ்னி அனிமேஷன் நிறுவனம் தன் படங்களின் தொடக்க முத்திரையாகவும் காட்டிவருகிறது. ஆகவே அந்த உருவத்தைப் பொருளின் மேல் அச்சிட்டு, டிஸ்னியுடையது என்று தோன்றும்படி விற்றால் வழக்கு வரும்.

இதே முறையில் சிறிதாக ஒன்று செய்து பார்க்க விரும்பினால் 12 பிரேமில் தொடங்குங்கள். முக்கிய அசைவின் உச்சத்தை, கால் தரையில் படுவதை, ஒலி விழும் பிரேமுக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்பாக வையுங்கள். சரியாக ஒரே பிரேமில் வைத்தால் பல நேரம் படம் பிந்துவதுபோல் தோன்றும். படம் முந்தினால் கண் பொறுக்கும், ஒலி முந்தினால் பொறுக்காது.